அருவி தெரியுது... இரைச்சல் எங்கே? ஒலிப்பதிவாளர் ஹெச்.ஸ்ரீதர்

ஒகேனக்கல் போய் வந்தவர்களிடம் கேட்டுப் பாருங்கள். எண்ணெய் மசாஜ், மீன் வறுவல், பரிசல் என்று வரிசையாகச் சொல்வார்கள். கூடவே, 'அருவிகிட்ட நின்னா பக்கத்துல இருக்கிறவங்க பேசுறதே கேட்காது' என்பதையும் மறக்காமல் சொல்வார்கள். பாறைகளில் மோதி விழும் காவிரியின் இரைச்சல் அப்படி!

1992-ல் மணிரத்னம் இயக்கத்தில் வெளியான 'ரோஜா' படத்தில், மின்மினி பாடிய 'சின்னச் சின்ன ஆசை' பாட்டின் காட்சிகள் இந்த ஒகேனக்கலிலும் எடுக்கப்பட்டன. அப்போது கிருஷ்ணகிரியும் சேர்ந்ததாக இருந்த பெரிய தர்மபுரி மாவட்டத்துக்கு, 'நம்ம ஊரு அருவி படத்துல வந்துடுச்சு' என்பது பெருமையான சேதி. திரையில் அருவி கொட்டும். கதாநாயகி ஓடி ஆடுவார். ஆனால், அந்தப் பாட்டில் அருவி இரைச்சலைத் தேடினால் கிடைக்காது. ஒரு பெண்ணின் குரல், காதுக்கு ஓர் அடி தூரத்தில் நின்று பாடுவது மாதிரி அத்தனை தெளிவாகக் கேட்கும்.

சினிமா பாட்டு என்றால் அப்படித்தான், பாட்டை முதலில் பதிவுசெய்துவிட்டு அப்புறம்தானே படம் எடுக்கிறார்கள் என்று நீங்கள் சொல்லலாம். சரிதான். ஆனால், அந்தக் குரல் எவ்வளவு பக்கத்தில் கேட்க வேண்டும், அதற்குப் பின்னால் தாளம் எத்தனை தூரத்தில் நிற்க வேண்டும், எந்த வாத்தியம் இடது காதுக்கு, எது வலது காதுக்கு... இதையெல்லாம் ஒருவர் உட்கார்ந்து முடிவுசெய்ய வேண்டுமே? இசையமைப்பாளரின் பெயர் ஊருக்கே தெரியும். பாடகியின் பெயர் தெரியும். பாட்டு எழுதியவரையும் தெரியும். இந்த நான்காவது ஆளைத்தான் யாருக்கும் தெரியாது.

'ரோஜா' தொடங்கி ஏ.ஆர்.ரஹ்மானின் ஒலிப்பதிவுகளில் தொடர்ந்து பங்காற்றிய அந்த நான்காவது ஆள், ஹெச்.ஸ்ரீதர். சென்னையில் மீடியா ஆர்டிஸ்ட்ஸ் ஒலிப்பதிவுக் கூடத்தின் தலைமை ஒலிப் பொறியாளராக இருந்தவர். சிறந்த ஒலிப்பதிவுக்கான தேசிய விருதை நான்கு முறை வாங்கியவர்.

ஒரே கூடமா... ஆளுக்கு ஒரு ராத்திரியா?

ஸ்ரீதரின் வேலை என்னவென்று புரிய வேண்டுமென்றால், அதற்கு முன்பு பாட்டு எப்படிப் பதிவானது என்று பார்க்க வேண்டும்.

எண்பதுகளின் கோடம்பாக்கத்தில் ஒரு பாட்டு என்றால் கூடம் நிறைய ஆட்கள் இருப்பார்கள். ஒரு பக்கம் வயலின் வரிசை, ஒரு பக்கம் தபேலா, டோலக், புல்லாங்குழல், கிடார். தடுப்புக்குள் பாடகர். எல்லோரும் ஒரே நேரத்தில் வாசிக்க, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருக்கும் பொறியாளர் அப்போதே அளவைக் கூட்டிக் குறைத்துப் பதிவுசெய்வார். கடைசி வரியில் ஒருவர் தவறினாலும் திரும்ப முதலிலிருந்து! அந்தப் பதிவுக்கு ஓர் அழகு உண்டு. எல்லோரும் ஒரே காற்றில், ஒரே அறையில் இருந்ததால் பாட்டுக்கு இயல்பாகவே ஓர் 'இடம்' கிடைத்துவிடும்.

ரஹ்மானின் வழி வேறு. தன் வீட்டை ஒட்டியே 'பஞ்சதன் ரெக்கார்ட் இன்' என்ற கூடத்தை அமைத்துக்கொண்டு, ஒவ்வொரு கலைஞராக அழைத்துப் பதிவுசெய்யும் பாணியை அவர் பிரபலமாக்கினார். குரல் ஒரு நாள். புல்லாங்குழல் இன்னொரு ராத்திரி. தாளத்தில் பாதி கம்ப்யூட்டரிலும் கீபோர்டிலும் உருவாகும். ஒருவர் வாசித்ததை மற்றவர் நேரில் பார்த்திருக்கவே மாட்டார்.

இதில் சௌகரியம் நிறைய. ஒருவர் தவறினால் அவர் பகுதியை மட்டும் திரும்ப எடுத்தால் போதும். ஆனால், ஒரு பெரிய சிக்கலும் உண்டு. தனித்தனியாக எடுத்த இத்தனை துண்டுகளை அப்படியே அடுக்கினால், அது பாட்டாகக் கேட்காது. ஆளாளுக்கு வேறு வேறு வீட்டிலிருந்து போனில் பேசுவது மாதிரி இருக்கும்!

ஆகவே, அந்தத் துண்டுகளையெல்லாம் ஒன்றுசேர்க்கும் 'மிக்ஸிங்' மேசையில் இருப்பவரின் பொறுப்பு பல மடங்கானது. பழைய பொறியாளர், இருந்த கூடத்தைப் பதிவுசெய்தார். ஸ்ரீதர் போன்றவர்களோ, இல்லாத ஒரு கூடத்தை ஒலியாலேயே கட்டி, எல்லோரையும் அதற்குள் நிற்கவைக்க வேண்டியிருந்தது.

இல்லாத சுவரில் எதிரொலி

இல்லாத கூடத்தை எப்படிக் கட்டுவது? நம் காது செய்யும் ஒரு வேலைதான் இதற்கு அஸ்திவாரம்.

ஒலி ஒரு நொடியில் சுமார் 340 மீட்டர் போகும். 17 மீட்டர் தள்ளியிருக்கும் சுவரைப் பார்த்துக் கைதட்டினால், சத்தம் போய்த் திரும்பிவர 34 மீட்டர். அதாவது, நொடியில் பத்தில் ஒரு பங்கு. அந்த இடைவெளியை வைத்தே, கண்ணை மூடிக்கொண்டிருந்தாலும், இருப்பது கல்யாண மண்டபமா, குளியலறையா என்று நம்மால் சொல்லிவிட முடிகிறது. மிக்ஸிங் செய்பவர் இதைத் தலைகீழாகச் செய்வார். இல்லாத சுவரிலிருந்து வரும் எதிரொலியைக் கருவியால் உண்டாக்கி, குரலுக்குக் கொஞ்சம், வயலினுக்குக் கொஞ்சம் சேர்ப்பார். எதிரொலி கூடினால் ஆள் தள்ளிப் போவார். குறைந்தால் பக்கத்தில் வருவார். ஒரு சிட்டிகை அதிகமானால் குரல் கிணற்றுக்குள் விழுந்துவிடும். சமையலில் உப்பு மாதிரி!

இரண்டாவது வேலை, இடத்தைப் பங்குபோடுவது. மனிதக் காது நொடிக்கு 20 அதிர்வுகளிலிருந்து 20,000 அதிர்வுகள் வரை கேட்கும் என்பது கணக்கு. வாத்தியங்கள் எல்லாம் இந்த ஒரே தெருவில்தான் குடியிருக்கின்றன. கிடாரும் குரலும் ஒரே பகுதியில் முட்டிக்கொண்டால் இரண்டுமே தெளிவில்லாமல் போகும். பாடுபவரின் குரல் புரியவில்லை என்றால் புதியவர்கள் குரலின் சத்தத்தைக் கூட்டுவார்கள். அனுபவசாலிகள், குரலுக்கு இடைஞ்சலாக இருக்கும் வாத்தியத்தை அந்தப் பகுதியில் மட்டும் கொஞ்சம் ஒதுங்கி நிற்கச் சொல்வார்கள். கூட்டுவதைவிடக் குறைப்பதில்தான் இந்தத் தொழிலின் சூட்சுமம் இருக்கிறது.

தொண்ணூறுகளின் ரஹ்மான் பாடல்களை இன்று ஒரு நல்ல ஹெட்போனில் கேட்டுப்பாருங்கள். அடியில் பேஸ் உருண்டோடும். மேலே மணியோசை மாதிரி சின்னச் சின்னச் சத்தங்கள் வந்துபோகும். நடுவில் குரல் நிற்கும். இத்தனை அடுக்குகள் இருந்தும் ஒன்றை ஒன்று மிதிப்பதில்லை. அன்று கேட்டவர்கள், 'சவுண்டே புதுசா இருக்கே' என்று சொன்னதற்கு மெட்டு மட்டும் காரணமில்லை. இந்த ஒழுங்கும்தான்.

டவுன் பஸ் ஸ்பீக்கருக்கும் பாட்டு போய்ச் சேரணும்!

கூடத்தில் இருப்பது விலை உயர்ந்த ஸ்பீக்கர். ஆனால், பாட்டு போய்ச் சேரும் இடம் எது? பென்னாகரம் போகும் பஸ், அரூர் டீக்கடை, பாலக்கோட்டில் கல்யாண வீட்டு மைக்செட், இப்போது கையிலிருக்கும் செல்போன். அதனால்தான் மிக்ஸிங் முடிந்ததும் சின்ன ஸ்பீக்கரிலும் காரிலும் போட்டுக் கேட்பது ஒலிப் பொறியாளர்களின் பொதுவான வழக்கம். பெரிய ஸ்பீக்கரில் நன்றாக இருப்பது பெரிய விஷயமில்லை. சின்னதில் உயிரோடு இருக்க வேண்டும்.

இங்கே ஒரு சுவாரஸ்யம். செல்போனின் குட்டி ஸ்பீக்கரால் நொடிக்கு 80 அதிர்வு உள்ள அடித்தொனியை எழுப்பவே முடியாது. ஆனாலும் தாளத்தின் அடிநாதம் நமக்குக் கேட்பது போலத் தோன்றும். எப்படி? 80-ன் மடங்குகளான 160, 240, 320 அதிர்வுகள் காதில் விழுந்தால், 'இதற்கு அடியில் 80 இருக்க வேண்டும்' என்று மூளையே இட்டு நிரப்பிக்கொள்கிறது. மிக்ஸிங் செய்பவர்கள் இந்த மேல் மடங்குகளைத் தெளிவாக வைத்தால், டீக்கடை ஸ்பீக்கரிலும் பேஸ் இருப்பதாகவே நமக்குப் படும்.

இந்த மடங்குக் கணக்குக்கும் தமிழ்நாட்டுக்கும் ஒரு பந்தம் உண்டு. சாதாரண தோல் வாத்தியங்களின் அதிர்வுகள் இப்படி ஒழுங்கான மடங்குகளில் வருவதில்லை. மிருதங்கத்திலும் தபேலாவிலும் மட்டும் வருகிறதே, ஏன் என்று ஆராய்ந்தவர் சர் சி.வி.ராமன். தோலின் நடுவே பூசப்படும் கறுப்பு வட்டம்தான் அந்த ஒழுங்கைத் தருகிறது என்பதை அவர் 1920-லேயே எழுதிவிட்டார். மிருதங்கத்தைப் பதிவுசெய்ய மைக்கை எங்கே வைப்பது என்று யோசிக்கும் ஒவ்வொரு பொறியாளரும், தெரிந்தோ தெரியாமலோ அந்த வட்டத்தைச் சுற்றியேதான் யோசிக்கிறார்.

கண் பரிசோதகரும் அணு ஆய்வுக் கூடத்து இளைஞரும்

இந்தத் தொழிலுக்கு எந்தப் படிப்பு படித்துவிட்டு வர வேண்டும்? உலக அளவில் பார்த்தால் பதில் வேடிக்கையாக இருக்கும்.

அமெரிக்காவின் ஜாஸ் இசைத்தட்டுகளில் பெரும்புகழ் பெற்ற ஒலிப்பதிவாளர் ரூடி வான் கெல்டர், பகலில் கண் பரிசோதகர். நியூஜெர்சியில், பெற்றோர் வீட்டு வரவேற்பறையையே ஒலிப்பதிவுக் கூடமாக்கி, அங்கேதான் பெரிய பெரிய கலைஞர்களைப் பதிவுசெய்தார். 1959-ல்தான் கண் பரிசோதனையை விட்டுவிட்டு முழுநேரமாக இதற்கு வந்தார். இன்னொருவர் டாம் டவுட். இளம் வயதில், அணுகுண்டு தயாரிப்பதற்கான மன்ஹாட்டன் திட்டத்தில் வேலை பார்த்தவர். பின்னாளில் ஒலிப்பதிவுக்கு வந்து, எட்டுத் தடங்களில் தனித்தனியாகப் பதிவுசெய்யும் முறையை வேரூன்ற வைத்தவர்களில் ஒருவரானார். திருகும் குமிழ்களுக்குப் பதிலாக, விரலால் மேலும் கீழும் தள்ளும் பட்டைகளை மிக்ஸிங் மேசையில் கொண்டுவந்த பெருமையும் அவருக்குச் சொல்லப்படுவதுண்டு.

வீட்டு வரவேற்பறையில் வான் கெல்டர், வீட்டை ஒட்டிய கூடத்தில் ரஹ்மானும் ஸ்ரீதரும். இடம் சின்னதா பெரியதா என்பதைவிட, அங்கே உட்கார்ந்திருப்பவரின் காது என்ன கேட்கிறது என்பதே முக்கியம் என்பதற்கு இவர்கள் எல்லோருமே சாட்சி.

நான்கு விருதுகள், நான்கு விதமான படங்கள்

ஸ்ரீதரின் பட்டியலைப் பார்த்தால், அவர் ஒரே பாணியில் நின்றுவிடவில்லை என்பது தெரியும்.

முதல் தேசிய விருது, 1993-ம் ஆண்டுக்கானது, கமல்ஹாசனின் 'மகாநதி'க்கு. இளையராஜா இசையமைத்த படம். 1998-க்கான விருது, ரஹ்மான் இசையில் 'தில் சே'வுக்கு. 2001-க்கான விருது 'லகான்'. அது, படப்பிடிப்பு நடக்கும்போதே நடிகர்களின் குரலைப் பதிவுசெய்யும் முறையில் எடுக்கப்பட்ட படம். அந்த விருதை நகுல் காம்தேவுடன் பகிர்ந்துகொண்டார். அடுத்த ஆண்டே, 'கன்னத்தில் முத்தமிட்டால்' படத்துக்காக ஏ.எஸ்.லட்சுமிநாராயணனுடன் நான்காவது விருது.

இந்தப் பத்தாண்டுகளில் தொழிலே தலைகீழாக மாறியது. 1995-ல் 'குருதிப்புனல்' டால்பி ஸ்டீரியோ ஒலியோடு வந்தது. அதன்பின் டி.டி.எஸ். வந்தது. அதில் ஃபிலிமில் நேரக் குறியீடு மட்டும் இருக்கும், ஒலி தனியாக சி.டி-யில் ஓடும். அதுவரை திரைக்குப் பின்னாலிருந்து மட்டும் கேட்ட சத்தம், பக்கச் சுவரிலிருந்தும் முதுகுக்குப் பின்னாலிருந்தும் வரத் தொடங்கியது. நாடாவில் தொடங்கியவர்கள் கம்ப்யூட்டருக்கு மாற வேண்டியிருந்தது. பலர் பழைய முறையோடு ஒதுங்கிக்கொண்டார்கள். ஸ்ரீதர் இளையராஜாவின் படத்துக்கும் விருது வாங்கினார், ரஹ்மானின் படத்துக்கும் வாங்கினார். கருவி மாறினாலும் காது மாறவில்லை.

எண்பத்து மூன்று நாள்கள்

2008, டிசம்பர் 1. ஸ்ரீதர் காலமானார்.

அப்போது 'ஸ்லம்டாக் மில்லியனர்' வெளியாகிச் சில வாரங்களே ஆகியிருந்தன. அந்தப் படத்தின் இசையிலும் அவருடைய உழைப்பு இருந்தது. 2009, பிப்ரவரி 22. ரஹ்மான் ஆஸ்கர் மேடையில் இரண்டு சிலைகளோடு நின்றபோது, ஸ்ரீதர் மறைந்து 83 நாள்கள் ஆகியிருந்தன. 2010, ஜனவரி 31-ல் அந்த ஆல்பத்துக்கு கிராமி விருது கிடைத்தது. அதில் ஒலிப் பொறியாளர்களாக பி.ஏ.தீபக்கின் பெயரும், மறைந்த ஸ்ரீதரின் பெயரும் இருந்தன.

கிராமியில் ஒரு நல்ல வழக்கம். ஆல்பத்துக்கு விருது என்றால் பாடியவருக்கும் இசையமைத்தவருக்கும் மட்டுமல்ல, பல பிரிவுகளில் பதிவுசெய்த பொறியாளருக்கும் மிக்ஸிங் செய்தவருக்கும் அதில் பங்கு உண்டு. பாட்டு என்பது மெட்டு மட்டுமில்லை, நம் காதுக்கு வந்து சேரும் அந்தப் பதிவும்தான் என்று ஒத்துக்கொள்வதுதான் இது.

கேசட் அட்டையில் இருந்த பெயர்

நம் ஊரில் இந்த வழக்கத்தைக் கேசட் அட்டைகளில் பரவலாக்கியவர் ரஹ்மான். புல்லாங்குழல் வாசித்தவர், கோரஸ் பாடியவர்கள், ஒலிப்பதிவு செய்தவர் என்று ஒவ்வொருவரின் பெயரையும் அட்டையில் அச்சிட வைத்தார். அதற்கு முன்பு பெரும்பாலான கேசட்டுகளில் படத்தின் பெயர், இசை, பாடல், பாடியவர் என்பதோடு முடிந்துவிடும். தொண்ணூறுகளில் கேசட் வாங்கியவர்கள், பொடி எழுத்தில் இருந்த ஹெச்.ஸ்ரீதர் என்ற பெயரை அறிந்துகொண்டது இப்படித்தான்.

இன்று கேசட் இல்லை. அட்டையும் இல்லை. செயலியைத் திறந்தால் படத்தின் போஸ்டர், பாடகர் பெயர், இசையமைப்பாளர் பெயர். அதற்கு மேல் தேடினாலும் பல பழைய பாடல்களுக்கு ஒலிப்பதிவு செய்தவர் யார் என்ற தகவல் கிடைப்பதில்லை. பாட்டு முன்பைவிடச் சுலபமாகக் கிடைக்கிறது. பாட்டுக்குப் பின்னால் இருந்தவர்களின் பெயர்கள்தான் காணாமல் போகின்றன. ஒரு கலைஞருக்கு இதைவிடப் பெரிய இழப்பு என்ன இருக்க முடியும்?

தர்மபுரியின் ஒலிகளை யார் பதிவது?

தர்மபுரி மாவட்டத்துக்கென்று சொந்தமாக ஒலிகள் நிறைய இருக்கின்றன. திரௌபதி அம்மன் கோயில் திருவிழாக்களில் விடிய விடிய நடக்கும் தெருக்கூத்து. முகவீணையும் ஆர்மோனியமும் மிருதங்கமும் சேரும் அந்த மேளம். பம்பை. நடவு வயலிலும் துக்க வீட்டிலும் பாடும் பெண்களின் பாட்டு. இவற்றில் பெரும்பகுதி இன்று பதிவாவது செல்போனில்தான். அதுவும் இரைச்சலும் காற்றுமாக.

ஸ்ரீதர் மாதிரியானவர்களின் வேலையிலிருந்து எடுத்துக்கொள்ள சில பாடங்கள் உண்டு. செலவு எதுவும் இல்லை.

* பதிவதற்கு முன்பு நடந்து பாருங்கள். கூத்துக் களத்தைச் சுற்றி ஒருமுறை நடந்து, கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். பாடுபவரின் குரலும் மேளமும் சமமாகக் கேட்கும் இடத்தில் நில்லுங்கள். ஸ்பீக்கர் பெட்டிக்கு எதிரே நின்றால், மைக்செட்தான் பதிவாகும், கூத்து பதிவாகாது.

* அளவைக் குறைத்தே வையுங்கள். மேளம் உச்சத்துக்குப் போகும்போது ஒலி அளவு காட்டும் கோடு சிவப்பைத் தொடக் கூடாது. சிவந்து கிழிந்த ஒலியை யாராலும் திரும்பத் தைக்க முடியாது. குறைவாகப் பதிந்ததை அப்புறம் கூட்டிக்கொள்ளலாம்.

* காற்றைத் தடுங்கள். செல்போன் மைக் துளையின் மேல் மெல்லிய பஞ்சுத் துண்டு ஒன்றை வைத்தாலே பாதி இரைச்சல் போய்விடும். விமானப் பயன்முறையில் போட்டுவிட்டால், நடுவில் அழைப்பு வந்து பதிவு அறுபடாது.

* சுருக்காமல் சேமியுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் ஒலி சுருங்கிவிடும். மூலக் கோப்பை அப்படியே இரண்டு இடங்களில் வைத்திருங்கள்.

* பெயரைச் சொல்லிப் பதியுங்கள். பதிவின் தொடக்கத்திலேயே ஊர், தேதி, ஆடுபவர், பாடுபவர், மேளக்காரர், முகவீணைக்காரர் பெயர்களை அவர்களையே சொல்லச் சொல்லி, அந்தக் குரலிலேயே பதிந்துவிடுங்கள். அட்டை தொலையலாம், செயலி மாறலாம். ஒலிக்குள்ளேயே இருக்கும் பெயரை யாராலும் கழற்றி எடுத்துவிட முடியாது.

அடுத்த முறை கூத்துக்குப் போகும்போது, மேடையில் ராஜா வேஷம் கட்டியவரின் படத்தோடு நிறுத்திவிடாதீர்கள். மூலையில் உட்கார்ந்து முகவீணை ஊதும் பெரியவரிடமும் போய், 'ஐயா, உங்க பேரு என்னங்க?' என்று கேட்டு, போனை நீட்டுங்கள்.